வயிற்று வழி டயாலிசிஸ் செய்யும் வீட்டில் பூனையும் நாயும் இருக்கலாமா?

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி இவ்வாறு கேட்டிருக்கிறார்: “என் தந்தைக்கு வயது 61. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து, வயிற்றில் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் பொருத்தியிருக்கிறார்கள். அடுத்த மாதம் வீட்டிலேயே டயாலிசிஸ் தொடங்க வேண்டும். நாங்கள் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். இரண்டு பூனைகள், ஒரு நாய், நான்கு கறவை மாடுகள், பத்துப் பதினைந்து கோழிகள் இருக்கின்றன. பூனைகளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். அவை அப்பாவின் கட்டிலில்தான் உறங்கும். அந்தப் பேச்சை எடுத்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பூனைகளை அனுப்பித்தான் ஆக வேண்டுமா? அப்பா மாடு கறப்பதையும் நிறுத்த வேண்டுமா?”

அனுப்ப வேண்டியதில்லை என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதில் எந்தத் தளர்வும் கூடாது. டயாலிசிஸ் செய்யும் அறைக்குள்ளும், டயாலிசிஸ் பைகளும் குழாய்களும் வைத்திருக்கும் இடத்துக்குள்ளும் எந்த விலங்கும் எந்த நேரத்திலும் நுழையக் கூடாது. பை மாற்றும் அரை மணி நேரத்துக்கு மட்டும் பூனையை வெளியேற்றிவிட்டு, மற்ற நேரத்தில் அது அதே கட்டிலில் படுத்துக்கொள்ளலாம் என்றால் பயனில்லை. வயிற்று வழி டயாலிசிஸுக்கான சர்வதேசச் சங்கம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும் வீட்டு விலங்குகளைப் பற்றி இதையே சொல்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை உங்கள் தந்தையாருக்கு விளக்கிச் சொல்லுங்கள். காரணம் புரிந்தவர்தான் ஆண்டுக்கணக்கில் விதியைக் காப்பார். வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு இரத்தத்திலுள்ள கழிவை வடிகட்டும் சல்லடையாக இந்த முறையில் பயன்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2 லிட்டர் திரவத்தை உள்ளே செலுத்தி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதிய திரவத்தை நிரப்புகிறோம். பொதுவாக அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் கலந்திருக்கும். வயிற்றுக்குள் உடலின் வெப்பமும் இருக்கிறது. ஆகவே குழாயின் வாயிலோ இணைப்பிலோ கையின் அழுக்கோ விலங்கின் உமிழ்நீரோ சிறிதளவு பட்டாலும் கிருமிகள் உள்ளே சென்று பெருகுவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. அப்படி ஏற்படும் அழற்சி மருந்தால் குணமாகக் கூடியதே. ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் சவ்வு வடிகட்டும் திறனை இழந்துவிடும். அதன்பின் வீட்டு டயாலிசிஸைக் கைவிட்டு, வாரம் மூன்று நாள் ஈரோட்டுக்கோ கோவைக்கோ சென்று இரத்த வழி டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய நிலை வரும்.

விலங்குகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் அஞ்ச வேண்டியதில்லை. எனக்கு முதல் கவலை பூனைதான். ஆடும் குழாயைக் கண்டால் அதைப் பிடித்துக் கடிப்பது பூனையின் இயல்பு. கதகதப்பான இடத்தைத் தேடிப் படுப்பதும் அதன் இயல்பு. சூடுபடுத்திய திரவப் பையும், இரவில் இயந்திரத்தால் டயாலிசிஸ் செய்பவர்களின் அருகிலுள்ள சூடேற்றும் தட்டும் அதை வரவேற்பவைபோல அமைந்துவிடுகின்றன. பூனையின் பல் ஊசிமுனை போன்றது. அது குழாயில் இடும் துளை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம். விடியற்காலையில் படுக்கை விரிப்பு ஈரமாக இருப்பதைப் பார்த்த பிறகே விவரம் தெரியவந்த நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பூனைகளின் வாயிலும், நாய்கள் பலவற்றின் வாயிலும் ‘பாஸ்டுரெல்லா மல்டோசிடா’ என்னும் பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. அவற்றுக்கு அதனால் தொல்லை இல்லை. பூனை கடித்த டயாலிசிஸ் குழாய் வழியாக இந்தக் கிருமி வயிற்றுக்குள் சென்று அழற்சி உண்டாக்கிய செய்தி 1987-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன்பின் பல நாடுகளிலிருந்தும் இதே போன்ற செய்திகள் வந்திருக்கின்றன. இது அடிக்கடி நேரும் ஒன்றல்ல; ஆனாலும் ஒரு கதவைச் சாத்தி வைத்தால் தடுக்கக் கூடிய தொற்று என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி அந்தக் கதவைப் பற்றி. நம் பக்கத்துப் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் கூடமான ஆசாரமும் நடுவாசலும் திறந்தே கிடக்கும். காற்றும் வெளிச்சமும் வருகின்றன என்று பலர் ஆசாரத்திலேயே கட்டிலைப் போட்டு டயாலிசிஸ் செய்ய விரும்புகிறார்கள். அது வேண்டாம். சிறிய அறையானாலும் நன்றாகச் சாத்தக் கூடிய கதவுள்ள அறையே ஏற்றது. கதவின் அடியில் இடைவெளி இருந்தால் ஒரு பட்டையடித்து அடைத்துவிடுங்கள். சன்னலுக்குக் கம்பிவலை போடுங்கள். ஓட்டு வீடானால் சுவருக்கும் கூரைக்கும் இடையில் பூனை இறங்கும் சந்து இருக்கிறதா என்று ஏறிப் பார்த்து அடையுங்கள். தரையும் சுவரும் ஈரத்துணியால் துடைக்கக் கூடியவையாக இருக்க வேண்டும். பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள்; தூசியும் விலங்குகளின் முடியும் பறந்து இணைப்பின்மேல் விழாமலிருக்கத்தான் அது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அரை மணி நேரம் புழுக்கமாகத்தான் இருக்கும்; அதற்காகக் கதவைத் திறந்து வைத்துவிடாதீர்கள். தொடங்குமுன் கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகளுக்குப் பின்னாலும் ஒருமுறை குனிந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே பூனை இருப்பது தெரியாமல் கதவைச் சாத்திவிடும் தவறு எளிதில் நேரக் கூடியது.

சாளையில் பூனையை வளர்ப்பது பெரும்பாலும் எலிக்காகத்தான் என்பதை நான் மறக்கவில்லை. நாளைக்கு நான்கு பை என்றால் ஒரு மாதத்துக்கு 120 பைகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகள் வீட்டுக்கே வந்து சேர்கிறவர்களுக்கும் அவற்றை அடுக்கி வைக்கும் சிக்கல் உண்டு. பெட்டிகளை எலி கடிக்கும். எலியைத் தேடிப் பூனை வந்தால் அதன் நகம் பையைத் துளைக்கும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகையின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். இயன்றால் ஒரு வாரத் தேவைக்கான பைகளை இரும்பு பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவன மூட்டையையும் கடலை மூட்டையையும் அந்த அறையில் வைக்காதீர்கள். அவை இருக்கும் வரை எலி வரத்தான் செய்யும். ஒவ்வொரு பையையும் பயன்படுத்துமுன் அழுத்திப் பார்த்து, கசிவு இருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். வடித்த திரவத்தைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். அதை வாசலிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றினால், அதிலுள்ள சர்க்கரைக்கு எறும்பு மொய்க்கும். நாயும் கோழியும் வந்து வாய் வைக்கும். வெறும் பைகளையும் நாய் இழுத்துச் செல்லாத இடத்தில் கட்டி வைத்து அப்புறப்படுத்துங்கள்.

நாயைப் பொறுத்தவரை அறைக்குள் வராமல் இருந்தால் போதும். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில், கதீட்டர் துணிக்கு அடியில் இடுப்புப் பட்டியால் அசையாமல் கட்டப்பட்டு, அதன் நுனியில் மூடி பொருத்தப்பட்டிருக்கும்போது, உங்கள் தந்தையார் திண்ணையில் அமர்ந்து நாயைத் தடவிக் கொடுக்கலாம், பூனையையும் அவ்வாறே. மடியில் ஏற்றிக்கொள்வதும் வயிற்றின்மேல் தாவ விடுவதும் மட்டும் கூடாது. கதீட்டர் தோலை விட்டு வெளிவரும் இடத்தை எந்த விலங்கும் நக்கக் கூடாது. அந்த இடம் திறந்திருக்கும் நேரத்தில் அவை அருகில் இருக்கவும் கூடாது. அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள், அந்த இடம் ஆறும் வரை, பூனைகள் அவரோடு கட்டிலில் படுப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். பூனைகளுக்கு வேறு இடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து, அங்கேயே உணவும் வைத்துப் பழக்குவதை டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே, இன்றே, ஆரம்பித்துவிடலாம்.

அடுத்து மாடு. கறப்பதால் மட்டும் டயாலிசிஸுக்குக் கேடு வந்துவிடாது. கட்டுத்தறியிலிருந்து நேராக டயாலிசிஸ் அறைக்கு வருவதுதான் கேடு. விடியற்காலையில் பால் ஊற்றும் நேரமும் முதல் பை மாற்றும் நேரமும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கறந்து முடித்து, குளித்து, வேட்டி சட்டை மாற்றி, நகத்துக்கு அடியில் சாணம் இல்லாதபடி சோப்பால் ஒரு நிமிடம் கை கழுவி, நன்றாக ஈரம் துடைத்த பிறகே முகக்கவசம் அணிந்து அமர வேண்டும். ஈரக் கையில் கிருமி எளிதில் ஒட்டிப் பரவும் என்பதால் துடைப்பது கழுவுவதற்குச் சமமான முக்கியம் உடையது. தோளில் கிடக்கும் துண்டு முகம் துடைக்கவும் திண்ணை தட்டவும் சில வேளை மாட்டின் மடி துடைக்கவும் பயன்பட்டிருக்கும். அதில் கை துடைத்தால் கழுவியதன் பயன் போய்விடும். டயாலிசிஸுக்கென்று தனியாகத் துவைத்து உலர்த்திய துண்டு அல்லது காகிதத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறொரு காரணத்துக்காக, உங்கள் தந்தையாரின் கட்டுத்தறி வேலையைக் குறைக்கச் சொல்வேன். வயிற்றில் 2 லிட்டர் திரவம் இருக்கும்போது தீவனக் கட்டையோ நிறைந்த பால் கேனையோ தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, குடலிறக்கமோ கதீட்டரைச் சுற்றிக் கசிவோ ஏற்படலாம். மாடு உதைத்தால் நேரும் அடியும் சாதாரணமாக இராது. கன்று ஈனும் மாட்டுக்கு உதவுவதும், நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பதும் அவர் செய்யவே கூடாத வேலைகள். புருசெல்லா போன்ற கிருமிகள் அவ்வழியாகவும் காய்ச்சாத பால் வழியாகவும் மனிதருக்கு வருகின்றன. பாலை நன்றாகக் காய்ச்சியே குடிக்க வேண்டும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை, பாலிலுள்ள பாஸ்பரஸை முன்னிட்டு, உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வாய்க்காலிலோ கிணற்றிலோ இறங்கிக் குளிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கோழிகளுக்கு, பட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் பூனை குழாயைக் கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். உடலுக்கு அருகிலுள்ள கிளாம்ப்பை (குழாயை அடைக்கும் பிடிப்பானை) உடனே மூடுங்கள். ஓட்டையை டேப் ஒட்டி அடைத்துத் தொடர்வதோ, குழாயைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதோ, ஒரு சொட்டுத் திரவத்தைக்கூட உள்ளே செலுத்துவதோ கூடாது. பகலோ இரவோ, டயாலிசிஸ் மையத்தை அழைத்துப் “பூனை கடித்துவிட்டது” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். உடலோடு இணைந்த குழாய்ப் பகுதியை மாற்றுவதும், காய்ச்சல் வருமுன்னரே நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து கொடுப்பதும் பெரும்பாலும் தேவைப்படும். கடித்தது பூனை என்று தெரிந்தால் மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் ஆய்வகத்தில் எதைத் தேடுவது என்பதும் எளிதாகும். கடித்ததை யாரும் பார்க்காத நிலையிலும், வடிந்த திரவம் தெளிவாக இல்லாமல் கலங்கியிருந்தாலோ, வயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தாலோ, அந்தப் பையைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு அன்றே மையத்துக்குச் செல்லுங்கள். திரவத்துக்குப் பின்னால் அச்செழுத்துள்ள தாளைப் பிடித்துப் பார்த்தால், எழுத்து தெளிவாகத் தெரியாதபோது கலங்கல் என்று கொள்ளலாம்.

பூனையோ நாயோ அவரையே கடித்தால் அல்லது கீறினால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் தடுப்பூசிக்கு எதிர்ப்பாற்றல் குறைவாகவே உருவாகக் கூடும் என்பதால், டயாலிசிஸ் நோயாளி என்பதை வெறிநோய்த் தடுப்பூசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தடுப்பூசியோடு, வெறிநோய்க் கிருமியை உடனடியாக எதிர்க்கும் சீரமும் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். கையில் ஃபிஸ்டுலா (இரத்த வழி டயாலிசிஸுக்காக அறுவைசிகிச்சையில் அமைக்கும் இரத்தக்குழாய் இணைப்பு) இருந்தால் அந்தக் கையில் ஊசி போட விடாதீர்கள். நாய்க்கும் பூனைகளுக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், உரிய காலத்தில் குடற்புழு மருந்தும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்கை வேறு வீட்டுக்கு அனுப்பும்படி நானே சொல்ல நேர்ந்ததும் உண்டு. தனியறை அமைக்க வழியே இல்லாத வீடு, கண்பார்வை குன்றித் தனியே பை மாற்றும் முதியவர், முறையாகச் செய்தும் அழற்சி மீண்டும் வந்தவர் ஆகியோரிடம் அவ்வாறு சொன்னேன். உங்கள் வீட்டில் அறையும் இருக்கிறது, உதவ ஆட்களும் இருக்கிறார்கள். சாப்பிடாமல் இருக்கும் ஒருவருக்கு அவருடைய பூனைகளைத் திண்ணையிலாவது விட்டு வைப்பது மருத்துவ நோக்கிலும் தேவையானது. மனம் சோர்ந்தவர் டயாலிசிஸை ஒழுங்காகச் செய்ய மாட்டார்.

பயிற்சிக்குச் செல்லும் நாளில் அந்த அறையின் கதவு, சன்னல், கட்டில், பெட்டி அடுக்கும் இடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போய்ச் செவிலியரிடம் காட்டி, இன்னின்ன விலங்குகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் வழக்கம் அந்த மையத்துக்கு இருந்தால், முதல் பை மாற்றுவதற்கு முன்பே வரச் சொல்லிக் கேளுங்கள்.