வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனால் நன்றாகக் கதை எழுத வருமா?

கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் மதுரைப் பக்கம். நகரத்தில் எழுத நேரமும் இல்லை, அமைதியும் இல்லை. ஊருக்குத் திரும்பினால் எழுத்து கைகூடுமா, அங்கே வாசிப்பதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார். நான் எட்டயபுரம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். சிறுகதை எழுதுகிறேன். மானாவாரி நிலம், ஆடுகள், மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாம் உண்டு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நேரமும் அமைதியும் தேடித்தான் வருகிறீர்கள் என்றால் வர வேண்டாம். இரண்டும் இங்கே கிடைக்காது. புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவோம். உளுந்து, பாசி, மக்காச்சோளம். அதற்கப்புறம் வீட்டில் எல்லாருக்கும் வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. அரைகுறையாய் ஒரு தூறல் விழுந்து விதை முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் முளை கருகிவிடும். மறுபடி விதை வாங்க வேண்டும். அந்த நாட்களில் நோட்டை எடுத்து உட்கார்ந்தாலும் மனசு உட்காராது. ஐப்பசி, கார்த்திகையில் களை. மக்காச்சோளம் என்றால் படைப்புழுவுக்கு மருந்தடிப்பு, கதிர் பால் பிடித்ததும் காட்டுப்பன்றிக்கு ராக்காவல். தை அறுப்பு முடிந்து மாசி பிறந்தால்தான் எனக்குக் கை ஒழியும். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் எழுதுகிறேன். மற்ற மாதங்களில் காதில் விழுவதைக் குறித்து வைப்பதோடு சரி. வெயில் காலத்தில் மத்தியானம் ஊரே திண்ணையில் சாய்ந்திருக்கும்போது எனக்கு எழுத வரும். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் அதுவும் போச்சு, காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிடுவார்கள்.

பிறகு எதற்கு இங்கே இருந்து எழுத வேண்டும்? மனிதர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லும் விதத்துக்காக. என் கணக்கில் வேறு காரணமே இல்லை.

களையெடுப்பில் ஆளுக்கொரு வரிசை பிடித்துக் குனிந்தோம் என்றால் கொத்துகிற சத்தத்தோடு பேச்சும் சேர்ந்தே நகரும். எங்கள் பிஞ்சையில், அதாவது புன்செய்க் காட்டில், ஒரு பெரியம்மா, தன் மூத்த மகள் செத்த கதையை மதினி ஒருத்தியிடம் சொன்னதை நான் பக்கத்து வரிசையில் இருந்து கேட்டேன். மகள் பெயரில் ஆரம்பிக்கவில்லை. "அந்தச் செவலை ஆடு ரெண்டாம் ஈத்துக்கு நின்ன வருசம்" என்று ஆட்டில் ஆரம்பித்தார். ஆடு எந்தச் சந்தையில் வந்தது, யார் தரகு, எவ்வளவு குறைத்துக் கேட்டார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்தது நடுவில் ஒரே வாக்கியம். ஆஸ்பத்திரி ஒரே வாக்கியம். கடைசியில், "பதினாறு கழிஞ்சும் நான் உலை வைக்கலத்தா, ஆட்டுக்குத் தண்ணி காட்டவும் இல்ல. அது கத்திக்கத்தி தொண்டை கட்டிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, முன்னால் கிடந்த கோரையை வேரோடு கொத்தி எடுத்துப் போட்டார். துக்கம், அழுகை என்று எதையும் அவர் வாயில் எடுக்கவில்லை. மதினியும் ஆறுதல் சொல்லவில்லை. "எந்த ஆடு, அந்தக் கொம்பு மடிஞ்சதா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் இருந்த அன்பை எழுத்தில் கொண்டுவர இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன். எதை முதலில் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தப் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பெங்களூர் அலுவலகத்திலும் மனிதர்கள் கதை சொல்வார்கள்தான். ஆனால் கை வேலையில் இருக்க, முகத்தைப் பார்க்காமல், நாள் முழுக்கப் பேசுகிற பேச்சு வேறு. இந்த வாய்ப்பும் இங்கே குறைந்துகொண்டு வருகிறது. களைக்கொல்லி வந்தபின் பல பிஞ்சைகளில் ஆள் இறங்குவதே இல்லை. இப்போது பெண்கள் கூட்டமாய் உட்கார்ந்து பேசுவது கண்மாய்க் கரையில், நூறு நாள் வேலைக்குப் போகும்போதுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிராமம் என்பது ஒரே ஊர் இல்லை. நான் எந்தத் தெருவில் போய் உட்கார முடிகிறதோ அந்தத் தெருவின் பேச்சுதான் என் காதில் விழும். சாதி அவ்வளவு கெட்டியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறது. ஒரு தெருவை மட்டும் கேட்டுவிட்டு "எங்கள் கிராமம்" என்று எழுதினால் அது பொய். கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து பூமணியும் சோ. தர்மனும் எழுத வந்தபோது, அதுவரை கரிசல் எழுத்தில் போதிய அளவு கேட்காத குரல்கள் உள்ளே வந்தன. பூமணிக்கு 2014இலும், கண்மாயை மையமாக வைத்து எழுதிய நாவலுக்காகத் தர்மனுக்கு 2019இலும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஊருக்குத் திரும்பி எழுத நினைக்கிறவர்கள் முதலில் இவர்களைப் படித்துவிட்டு, தங்கள் ஊரில் தாங்கள் காலே வைக்காத தெரு எது என்று யோசிக்க வேண்டும் என்பேன்.

இனி வாசிப்பு. கிராமத்தில் எழுதுவதை விட வாசிப்பதுதான் கஷ்டம். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். ஒரு பெண் பட்டப்பகலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம். உடனே ஒரு வேலை வரும். அதனால் வாசிக்கும் நேரத்தை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு மணி நேரம், அறுப்புக் காலமானாலும் சரி. மாமியாருக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பிறகு சில கதைகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது, "அந்தப் பய என்ன ஆனான்?" என்று அவரே கேட்கிறார்.

புத்தகத்துக்குக் கிளை நூலகம்தான் என் முதல் இடம். வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நாம் எல்லாரும் கட்டுகிறோம், போய்ப் பயன்படுத்துங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமான பழைய நூல்கள் செலவில்லாமல் கிடைக்கின்றன. புதிய புத்தகங்களைக் கூரியர்காரர் விலக்கு ரோட்டு டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்கார அண்ணன் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார்.

ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஊர்க்கதைகளை மட்டும் படித்தால் போதாது. எனக்குக் காது திறந்தது ரஷ்ய எழுத்தாளரும் மருத்துவருமான செகாவால். அவர் 1892இல் மெலிகோவோ என்ற கிராமத்தில் பண்ணை வாங்கிக் குடிபோனார். குடிபோன அந்த வருடமே காலரா பயம். சுற்றியிருந்த 25 கிராமங்களுக்கு மருத்துவப் பொறுப்பு அவர் தலையில். மரம் நட்டார், பள்ளிக்கூடம் கட்டினார், விடியற்காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்தார். அதற்கு நடுவில்தான் அவருடைய சிறந்த எழுத்துகள் சில பிறந்தன. அந்தக் கதைகளில் மனிதர்கள் முக்கியமானதைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதைப் படித்திருக்காவிட்டால், பெரியம்மா ஏன் ஆட்டில் ஆரம்பித்தார் என்று எனக்கு உறைத்திருக்காது.

நகரத்தில் இருந்தால் ஊர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் இருக்கிறது. எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், பால்யத்திலிருந்தே நண்பர்கள். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனார், மலேயாவுக்குப் போய்ப் பத்திரிகை ஆசிரியராக இருந்தார், ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியைத் தமிழில் மொழிபெயர்த்தார். கி.ரா. ஊரில் சம்சாரியாகவே, அதாவது விவசாயியாகவே இருந்தார். அவருடைய முதல் கதை 1958இல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது வயது முப்பதுகளின் நடுவுக்கு வந்துவிட்டது. ஊரைவிட்டுப் போனவர் எழுதிய கிராமத்துக் குழந்தைகள் ஒரு துளி கூட உயிர் குறையாதவர்கள். இருந்தவர், போனவர் இரண்டு பேருக்குமே சாகித்ய அகாதமி விருது கிடைத்தது: அழகிரிசாமிக்கு 1970இல் மறைவுக்குப் பின், கி.ரா.வுக்கு 1991இல். ஆகவே இடம் மாறினால் எழுத்து வந்துவிடும் என்று நம்பி வேலையை விட வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. சிறுகதைக்கு வரும் சன்மானத்தில் வீடு ஓடாது, மானாவாரியிலும் நிச்சயமாக ஓடாது. எங்கள் வீட்டில் வீட்டுக்காரரின் சம்பளம் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் உங்கள் கதையைப் படிப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். யாரோ ஒருவர் போனில் அனுப்பிவிடுவார். உயிரோடிருப்பவரின் துயரத்தை ஆள் தெரிகிற மாதிரி நான் எழுதுவதில்லை. மேலே சொன்ன பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதைக்கூட எழுதுகிறேன். "ஆட்டு நிறத்த மாத்திப் போடு, போதும்" என்றார். மாற்றியிருக்கிறேன்.

அப்படியும் வர ஆசை இருந்தால், வேலையை விடாமல் நீண்ட விடுப்பு எடுத்து ஒரு பருவம் முழுக்க ஊரில் இருந்து பாருங்கள். புரட்டாசி விதைப்புக்கு வந்து தை அறுப்பு முடிந்து போங்கள். அந்த மாதங்களில் கதை எழுத முயல வேண்டாம். பிஞ்சைக்குப் போங்கள், வேலை செய்யுங்கள், கேளுங்கள். களை பிடுங்கத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம், மதினிமார்கள் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.