கிரண் பயிற்சி ஜெட் இந்திய விமானப்படையில் ஏன் இத்தனை காலம் நீடித்தது?

அதன் இடத்துக்கு வேறு விமானம் நேரத்துக்கு வரவில்லை, அதுதான் முக்கியக் காரணம்.

அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் வடிவமைத்த கிரண் 1964-ல் முதன்முதலாகப் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காருவார்கள். மாணவரின் கை தடுமாறினால் ஆசிரியர் அப்போதே பார்த்துவிடலாம். பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன். தாம்பரத்தில் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியிலும் கிரண் பறந்தது.

2009-ல் தொடக்கப் பயிற்சிக்கான எச்பிடி-32 விமானம் விபத்துகளால் நிறுத்தப்பட, அந்தச் சுமையும் கிரண் தலையில் விழுந்தது. விமானம் போதாமல் 2011-ல் சூரிய கிரண் சாகசக் குழுவையே நிறுத்தி, அதன் விமானங்களைப் பயிற்சிக்குத் திருப்பினார்கள். 2013-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் தொடக்கப் பயிற்சி விமானம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

சரி, மாற்று விமானம்? அதற்கென உருவான சிதாரா 2003-லேயே பறந்தும், சுழன்று விழும் நிலையிலிருந்து மீளும் சோதனையில் வருடக்கணக்கில் சிக்கிக்கொண்டது.