லினக்ஸில் கோப்பு எழுதும்போது மெமரி பேஜ் (ராமின் சிறு துண்டு) எப்படி ஒதுக்கப்படுகிறது? ராம் தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும்?

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டுடியோவின் உபுண்டு மெஷின்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முகூர்த்த சீசனில் அங்கே தவறாமல் காதில் விழுவது: "காப்பி முடிஞ்சிருச்சுன்னு காட்டுது, பென்டிரைவைக் கழட்ட மட்டும் ஏண்ணே விட மாட்டேங்குது?" அதுவரை எழுதியதில் பெரும்பகுதி ராமில்தான் இருக்கிறது, அதனால்தான். மெமரி நிலவரத்தைக் காட்டும் /proc/meminfo கோப்பில் 'டர்ட்டி' (இன்னும் டிஸ்க்குக்குப் போகாத டேட்டா) வரியைப் பார்த்தால் தெரியும். காப்பி முடிந்த பிறகுதான் அந்த எண் மெல்ல இறங்கும். இப்படித் தேங்கும் டேட்டாவுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வைக்கும் இயல்பான வரம்பு, கிடைக்கக்கூடிய மெமரியில் 20 சதவீதம். 10 சதவீதத்திலேயே பின்னணியில் டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பித்துவிடும். மேல் வரம்பை நெருங்கினால் எழுதும் புரோகிராமையே தூங்க வைக்கும். சதவீதத்தை விட்டுவிட்டு டர்ட்டி பைட்ஸ் என்ற அமைப்பில் சில நூறு எம்பி வைத்தால், காப்பி பார் ஓரளவு உண்மை பேசும்.

சரி, ஒதுக்கீட்டுக்கு வருவோம். எழுதச் சொல்லி புரோகிராமிடமிருந்து ரைட் அழைப்பு வந்ததும், கோப்பின் அந்தப் பகுதிக்கான பேஜ் ஏற்கெனவே கேஷில் (கோப்பு டேட்டாவை ராமில் வைத்திருக்கும் இடம்) இருக்கிறதா என்று கர்னல் பார்க்கும். இல்லையென்றால் புதிதாக ஒரு 4 கேபி பேஜ் வாங்கி, பூட்டி, டேட்டாவை நகலெடுத்து, டர்ட்டி என்று குறித்துவிட்டுத் திரும்பிவிடும். இதில் ஒரு சிக்கல்: பழைய கோப்பின் நடுவே 100 பைட் மட்டும் மாற்றுகிறீர்கள், அந்தப் பேஜ் கேஷில் இல்லை, பிளாக்கும் (டிஸ்கில் கோப்பை வைக்கும் அலகு) 4 கேபி என்றால், மீதி 3996 பைட்டை முதலில் டிஸ்கிலிருந்து படித்தாக வேண்டும். எழுதப் போன இடத்தில் ஒரு ரீட்!

ராம் தட்டுப்பாடு வந்தால்தான் உண்மையான வேடிக்கை. பேஜ் கேட்டதும் கர்னல் பழைய கேஷ்களைக் காலி செய்து இடம் தேடும். அந்தத் தேடலில் ஐநோட் (கோப்பு பற்றிய விவரக் குறிப்பு) கேஷைச் சுருக்கச் சொல்லி, டிஸ்கில் கோப்புகளை நிர்வகிக்கும் ஃபைல்சிஸ்டத்தையே திரும்ப அழைக்கலாம். அந்த ஃபைல்சிஸ்டமோ ஏற்கெனவே ஜர்னல் டிரான்சாக்‌ஷனை (மாற்றங்களை ஒரே தொகுப்பாகக் குறித்துவைக்கும் வேலை) திறந்து வைத்துக்கொண்டு பேஜுக்காகக் காத்திருக்கிறது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். அதனால்தான் மெமரி கேட்கும்போது கூடவே கொடுக்கும் ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் (GFP_NOFS) என்ற கொடி: "இடம் தேடு, ஆனால் ஃபைல்சிஸ்டம் பக்கம் வராதே."

இதைப் பயந்துபோய் எல்லா இடத்திலும் போடுவது நல்லதல்ல. காலி செய்யக்கூடியது பாதி கைக்கு எட்டாமல் போகும். 4.12 கர்னலில் வந்த மெம்அலாக் நோஎஃப்எஸ் சேவ், ரீஸ்டோர் என்ற ஃபங்ஷன் ஜோடி எனக்குப் பிடித்த வழி. ஆபத்தான பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடிலேயே தெரியும், நடுவில் கூப்பிடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கொடியைச் சுமந்துகொண்டு போக வேண்டாம்.

அப்புறம், 1 ஜிபி வீடியோவுக்கு 4 கேபி கணக்கில் 2,62,144 முறை பேஜ் கேட்க வேண்டியிருக்கும். 5.16 கர்னலில் வந்த ஃபோலியோ (பல பேஜ்களை ஒரே கட்டாகக் கையாளும் முறை) இதைக் குறைக்க வழி செய்தது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் இப்போது பல பேஜ்களை ஒரே கட்டாகக் கேட்கும். பெரிய கட்டு கிடைக்காவிட்டால் சிறிய கட்டுக்கு இறங்கி வரும்.