உப்புத் தொட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு ஸ்பெயினில் தரீஃபா அருகே உள்ள பேலோ கிளாடியா ரோமானிய இடிபாடுகளுக்கு ஒரு பகல் போய்வந்தோம். ஃபோரம் என்ற ஊர்ச் சதுக்கம், கோயில்கள், அரங்கு எல்லாம் அருமை. கடலோரம் வெறும் குழிகள்தான், நிற்கவில்லை. வரும் மே மாதம் மகளோடு மீண்டும் போகிறேன். எந்த நாள் நல்லது, எத்தனை மணி நேரம் வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்,

திங்கட்கிழமை மூடியிருக்கும். லெவாந்தே என்னும் கீழைக்காற்று அடித்தால் மணல் முகத்தில் அறையும், அன்றும் வேண்டாம். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அங்குள்ள ரோமானியப் பேரரசர் டிராஜன் சிலை நகல்தான், அசல் காதிஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய ஊர்களுக்குப் போனால் நாம் தூண்களையே தேடுகிறோம், வேலை நடந்த இடத்தை விட்டுவிடுகிறோம் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அதையே சொல்கிறது. வெறும் குழிகளா? மீனை உப்பிட்டு ஊறவைத்த தொட்டிகள் அவை. அந்த ஊர் செழித்ததே அவற்றால்தான்! நீங்கள் ரசித்த கோயில்கள் மீன் காசில் எழுந்தவை. மே, ஜூனில் பெரிய சூரை மீன்கள் முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் போகும்போது அந்தக் கரையை ஒட்டித்தான் வரும். இன்றும் அல்மத்ராபா என்ற நிலைவலை கட்டி அங்கே பிடிக்கிறார்கள். நீங்கள் போகப்போவது சரியாக அந்தப் பருவத்தில்.

இந்த முறை ஒரு தொட்டியின் ஓரமாக நின்று அடிமூலையைப் பாருங்கள். பூச்சு சுண்ணாம்பும் இடித்த செங்கல்லும் சேர்ந்தது, முல்லைப் பெரியாறு அணையின் சுர்க்கிச் சாந்து மாதிரி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சாந்தை உருட்டிப் பூசியிருப்பார்கள். மூலை கூராக இருந்தால் விரிசல் முதலில் அங்கேதான் விழும். உப்புநீர் ஒழுகிவிட்டால் மேல்வரிசை மீன் காற்றுப் பட்டுக் கெடும். கழுவும்போது அழுக்கும் அங்கேயே தங்கிவிடும். இத்தகைய தொட்டிகள் பலவற்றில் தரை நடுவே சிறு பள்ளம் இருக்கும். கசடு அதில் இறங்கும், வழித்தெடுக்கலாம்.

எல்லாவற்றையும் காரும் என்ற மீன்சாறு செய்த தொட்டி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், நம்பாதீர்கள். பெரும்பாலும் துண்டுபோட்ட மீனை ஒரு வரிசை, உப்பை ஒரு வரிசை என்று அடுக்கி ஊறவைத்தவை அவை. காரும் குடலிலும் சிறுமீனிலும் செய்வது. ஜியோபோனிகா என்ற பழைய கிரேக்க வேளாண் தொகுப்பில் ஒரு கணக்கு உண்டு: எட்டுப் பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, இரண்டு மூன்று மாதம் வெயில், இடையிடையே கிளறல். சதையைக் கரைப்பது குடலிலுள்ள நொதிகள். உப்பின் வேலை அழுகாமல் காப்பது. உப்பு குறைந்தால் நாறிப்போகும், மிகுந்தால் நொதியும் அடங்கிச் சாறு இறங்கத் தாமதமாகும்.

மகளையும் கூட்டிப்போவது மகிழ்ச்சி. அவளுக்கு இதையெல்லாம் சொல்லுங்கள். திரும்பும்போது பக்கத்து ஊரான பார்பாத்தேயில் மொஹாமா வாங்கிக் கொடுங்கள், உப்பிட்டு உலர்த்திய சூரை. மெல்லிசாக அரிந்து, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தின்ன வேண்டும்.