ஒரே ராத்திரியில் மாட்டு உடம்பெல்லாம் தடிப்பு: அம்மையா, அலர்ஜியா?

கேள்வி: ஐயா, எங்களுடையது ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு இரண்டு மாதம். நேற்று கல்யாண வீட்டுக்குப் போனதில் சாயங்காலம் கறக்க முடியவில்லை. இன்று காலை பார்த்தால் கழுத்து, விலா, தொடை எல்லாம் தடிப்பு, கண் இமையும் வீங்கியிருக்கிறது. முந்தின ஈத்துக் கிடேரிக்கும் கண்ணைச் சுற்றி வட்டமாக முடி கொட்டுகிறது. பெரியம்மை என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் மாட்டை முழுசாகக் கறந்துவிடுங்கள், மீதியை அப்புறம் பேசலாம். கல்யாண வீட்டை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மடியில் பால் தேங்கினால் அந்தப் பாலின் புரதமே ரத்தத்தில் கலந்து சில மாடுகளுக்கு அலர்ஜியாகிவிடும், ஜெர்சி ரத்தம் உள்ளதில் இது கொஞ்சம் அதிகம். கறந்து சில மணி நேரத்தில் தடிப்பு வடிய ஆரம்பித்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. புதுத் தீவனம், ஊசி மருந்து, குளவிக் கடி இவற்றாலும் இதே மாதிரி திடீரென்று தடிக்கும், அதையும் யோசித்துப் பாருங்கள்.

பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய், இப்படி வராது. முதலில் காய்ச்சல், 104 டிகிரிக்கு மேலேகூடப் போகும் (மாட்டுக்குச் சாதாரணமாக 101, 102தான்), கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும், தீனி குறையும், அதன் பிறகுதான் கட்டி. தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: அலர்ஜித் தடிப்பு மெத்தென்று இருக்கும், ஒரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அம்மைக் கட்டி புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக, தோலின் முழுக் கனத்துக்கும் உருண்டு நிற்கும், நாள்கணக்கில் அப்படியே இருந்து நடுவில் கருத்துப் புண்ணாகும். தோளுக்கு முன்னால் நெறி கட்டும், கால் வீங்குவதும் உண்டு. அதனால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து காலையும் மாலையும் பாருங்கள், கையால் தொட்டு காய்ச்சல் சொல்வதை நான் நம்புவதில்லை. காய்ச்சல் இருந்தால் மாட்டைத் தனியாகக் கட்டி, ஈ, கொசு அண்டாமல் புகை போட்டு, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், இலவச எண் 1962. மூக்கு, தொண்டை வீங்கி மூச்சு இரைந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் காத்திருக்காதீர்கள், அது உயிர் போகிற விஷயம்.

கிடேரியின் கதையே வேறு. அதைப் படர்தாமரை என்றுதான் நினைக்கிறேன், சாம்பல் நிறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஒட்டினாற்போல் பொருக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். அரிப்பு அதிகம் இருக்காது. ஓயாமல் தூணில் உரசி, தோல் தடித்துச் சுருங்கினால் சொறிப்பூச்சி, அதற்கு மருந்து வேறு. படர்தாமரைக்குப் பொருக்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெதுவாக எடுத்துவிட்டு, கண்ணில் படாமல் அயோடின் தடவி, கிடேரியைக் காலை வெயிலில் கட்டுங்கள். கையுறை கட்டாயம், பெரியம்மை நமக்குத் தொற்றாது, ஆனால் இது தொற்றும். வீட்டுக் குழந்தைகள் அந்தக் கிடேரியைக் கட்டிப்பிடித்து விளையாடுகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தோல் உள்ள இடம் மட்டும் சிவந்து உரிந்தால், மேய்ச்சலில் உண்ணிச்செடி தின்றதா என்று கேட்டிருப்பேன். நீங்கள் சொன்னதில் அது இல்லை.

இனி வெளியூர் போனால் கறக்க ஒரு ஆளைச் சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு தடவை இப்படித் தடித்த மாடு அடுத்த முறை கறவை தப்பினாலும் தடிக்கும். பால் வற்றவைக்கும்போதும் மருத்துவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.