போஸ்டரில் புலி, படத்தில் நாற்காலி

கேள்வி: போஸ்டர் முழுக்கப் பழைய ஆக்‌ஷன் ஹீரோ. த்ரில்லரில் வருவதோ பத்து நிமிஷம், அதுவும் உட்கார்ந்தபடி. ஏன் இப்படி?

பதில்: கால்ஷீட் கணக்குதான். சின்ன பட்ஜெட்டில் அவரை ஒன்றிரண்டு நாளுக்குத்தான் வாங்க முடியும். அதற்குள் ஒரே அறையில் குளோசப், போன் வசனம் எல்லாவற்றையும் சுருட்டிவிடுவார்கள். ஓடுவது டூப், முதுகும் தொப்பியுமாகவே ஷாட் வருகிறதே! எதிரே பேசுபவரின் தோள் ஒரு முறைகூட ஃபிரேமில் தெரியாவிட்டால், இருவரும் வேறு வேறு நாளில் நடித்திருக்கலாம். பார்வையும் சற்றே விலகி நிற்கும். துப்பாக்கி நெருப்பு கம்ப்யூட்டரில் ஒட்டியது. அதனால்தான் கை உதறாது, தோட்டா உறை தெறிக்காது.

கேலி மட்டும் பார்த்துச் செய்யுங்கள். ஹாலிவுட் ஆக்‌ஷன் நடிகர் புரூஸ் வில்லிஸின் 2021 படங்களுக்கென்றே, மோசமான படங்களுக்குத் தரப்படும் கேலி விருதான ராஸி தனிப்பிரிவு வைத்தது. 2022 மார்ச்சில் அவருக்கு அஃபேசியா (மூளை பாதிப்பால் பேச்சும் மொழியும் தடுமாறும் நிலை) என்று குடும்பம் அறிவித்ததும் ராஸி அதைத் திரும்பப் பெற்றது.