நோய் எதிர்ப்பு சக்தி கூடினால் இறைச்சி மாடுகள் நன்றாகச் சினை பிடிக்குமா?

எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் சினையும் கூடும் என்று சொல்லி ஊட்ட மருந்து விற்பவர்கள் உண்டு. மாடுகளுக்குச் சினை பார்ப்பதே என் வேலை, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சண்டை போட வேண்டிய நேரத்தில் போட்டு, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்கும் எதிர்ப்பு மண்டலம்தான் சினைக்கு உதவும்.

கருவில் பாதி காளையுடையது, தாயின் உடலுக்கு அந்நியம். ஆனாலும் தாய் அதைத் தள்ளிவிடுவதில்லை. 15 முதல் 17 நாள் வளர்ந்த கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கிறது. வைரஸ் நுழைந்தால் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான்களுக்கு இது நெருங்கிய உறவு! கருப்பை புரோஸ்டாகிளான்டின் என்ற ஹார்மோன் போன்ற பொருளை வெளியிடாமல் இது தடுக்கும். அதனால் சினைப்பையில் முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு கரையாமல் நின்று, சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைத் தொடர்ந்து தரும். கரு அனுப்பும் இந்தச் சேதி பலவீனமாக வந்தால் 21 நாள் வாக்கில் மாடு திரும்பவும் பருவத்துக்கு வந்துவிடும். சினையே பிடிக்கவில்லை என்று நாம் நினைப்போம். பல நேரம் கரு உண்டாகித்தான் அழிந்திருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது ஈற்றையொட்டிய வாரங்களைப் பற்றித்தான். சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்று 82 நாளுக்குள் மாடு மறுபடி சினையாக வேண்டும். ஈன்ற முதல் இரண்டு வாரங்களில் அநேகமாக எல்லா மாட்டின் கருப்பையிலும் பாக்டீரியா புகுந்துவிடும். அதைத் துப்புரவு செய்வது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். சிக்கல் என்னவென்றால், சரியாக ஈற்றுச் சமயத்தில்தான் அவற்றின் வேகம் குறைகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து விழுவதற்கும் இந்த அணுக்களின் உதவி தேவை. அவை சோர்ந்திருந்தால் 24 மணி நேரம் கடந்தும் நஞ்சுக்கொடி விழாமல் தங்கும், அப்புறம் கருப்பையில் சீழ் வைக்கும். பாக்டீரியாவின் நச்சு சினைப்பை வரை போய், முட்டையைச் சுற்றியுள்ள செல்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரப்பையும் குறைக்கும். அதனால் சீழ் ஆறிய பிறகும் சில வாரங்களுக்குச் சினை பிடிப்பது கடினம்.

மெலிந்த மாட்டில் இதெல்லாம் இன்னும் மோசம். மாட்டின் சதைப்பிடிப்பைக் காட்டும் 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 5 அல்லது 6 இருக்கும்போது ஈனுவது நல்லது. செலினியம், வைட்டமின் ஈ, தாமிரம் குறைந்தால் வெள்ளை அணுக்கள் பலவீனமாகும். குறைபாடு இல்லாத மாட்டுக்கு மேலும் கொடுத்துப் பயனில்லை, செலினியம் மிஞ்சினால் நஞ்சு.

தடுப்பூசி அவசியம், ஆனால் நேரம் பார்த்துப் போடுங்கள். முன்பு ஐபிஆர் (மூச்சுப் பாதையைத் தாக்கி, கருச்சிதைவும் உண்டாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசியே போடாத கிடேரிக்கு, உயிருள்ள வைரஸ் கொண்ட வகையை இனச்சேர்க்கைக்கு நெருக்கத்தில் போட்டால் கார்பஸ் லூட்டியம் பாதிக்கப்படலாம். குறைந்தது 30 நாள் முன்னதாக முடித்துவிடுங்கள். மாடுகளுக்குக் கழிச்சல் நோய் தரும் பிவிடி வைரஸ் விஷயம் வேறு. சினையின் 40 முதல் 120 நாளுக்குள் அது கருவைத் தாக்கினால், இன்னும் முதிராத எதிர்ப்பு மண்டலம் வைரஸைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் கன்று ஆயுள் முழுக்க வைரஸைப் பரப்பி மற்ற மாடுகளின் சினையைக் கெடுக்கும். காதுத் துணுக்குப் பரிசோதனையில் கண்டுபிடித்து மந்தையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

காளையையும் பாருங்கள். விந்தணு உருவாக 61 நாள் ஆகும். கடும் காய்ச்சல் கண்ட காளை தேற இரண்டு மாதம் பிடிக்கலாம், அதனால் மந்தையில் விடுமுன் விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள்.